கயிற்றுப் பானையும் மணிக்குவளையும்: வாசகர் கேள்விகள்

ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பானையின் பெயரை வைப்பது என்ன நியாயம்?

நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த இந்தக் கயிற்றுப் பானைக்காரர்களுக்கு எழுத்து இல்லை. தங்களை என்ன பெயரில் சொல்லிக்கொண்டார்கள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. கையில் கிடைத்தது பானை ஓடும் எலும்பும்தான். ஜெர்மானிய ஆய்வாளர் கிளோப்ஃப்ளைஷ் 1883-இல் 'கயிற்றுப் பானை' என்று பொருள்படும் பெயரை வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. நாளை யாராவது நம் காலத்தை 'எவர்சில்வர் பண்பாடு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான்.

பானையில் கயிறு எங்கே இருக்கிறது?

கயிறு இல்லை, அதன் தடம் இருக்கிறது. பானை ஈரமாக இருக்கும்போதே முறுக்கிய கயிற்றைக் கழுத்தைச் சுற்றி அழுத்தி எடுத்துவிடுவார்கள். சுட்ட பிறகு பார்த்தால், சாய்வான சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். கயிறு மக்கிப்போய் நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாகியும், அது எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது என்பதை ஓட்டில் படிக்கலாம். இந்தப் பண்பாட்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 2900 முதல் 2350 வரை.

புதைத்திருக்கும் விதத்தை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாமாமே?

பெரும்பாலும் சொல்லலாம். கயிற்றுப் பானைக்காரர்கள் ஆணை வலப்பக்கமாக ஒருக்களித்து, காலை மடக்கி, தலை மேற்கே இருக்கும்படி கிடத்தினார்கள். பெண் இடப்பக்கமாக, தலை கிழக்கே. இரண்டு பேர் முகமும் தெற்கு பார்க்கும். அடுத்து வந்த மணிக்குவளைக்காரர்கள், அதாவது கவிழ்த்த மணி போன்ற குவளை செய்த பெல் பீக்கர் பண்பாட்டினர், மத்திய ஐரோப்பாவில் இதைத் திருப்பிப் போட்டார்கள்: ஆண் இடப்பக்கம், தலை வடக்கே, பெண் வலப்பக்கம், தலை தெற்கே, முகம் கிழக்கே. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. அதனால் எலும்பையும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

பானை பரவினால் ஆட்களும் போனார்கள் என்றுதானே அர்த்தம்?

நூறு வருஷச் சண்டை இது. 2018-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று பழங்கால ஐரோப்பியர் 400 பேரைச் சோதித்தது. விடை இரண்டு விதமாகவும் வந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து மணிக்குவளைக்காரர்களுக்கும் மத்திய ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கும் ரத்தத் தொடர்பு மிகக் குறைவு; அங்கே பழக்கம்தான் பயணம் செய்திருக்கிறது. பிரிட்டனிலோ சில நூற்றாண்டுகளுக்குள் மக்களின் மரபணுவில் சுமார் 90 விழுக்காடு வெளியிலிருந்து வந்தவர்களுடையதாகிவிட்டது. இங்கிலாந்தில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் பெரிய கற்களை நிறுத்தியவர்களின் வாரிசுகள் அங்கே மிகக் குறைவு. ஒரே குவளை, இரண்டு கதை. எனவே பானை ஓடுகளை மட்டும் வைத்து 'படையெடுப்பு' என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஒரே ஒரு கல்லறையைப் பார் என்றால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் சொல்வேன்: ஏம்ஸ்பரி வில்லாளன். 2002-இல் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன் தோண்டியபோது கிடைத்தார். கி.மு. 2300 வாக்கில் புதைக்கப்பட்டவர். குழியில் ஏறக்குறைய நூறு பொருட்கள்: ஐந்து குவளைகள், மூன்று செம்புக் கத்திகள், நாண் சுண்டாமல் காக்க மணிக்கட்டில் கட்டும் கல் பட்டைகள், சிக்கிமுக்கிக்கல் அம்பு முனைகள், தலைமுடியில் செருகியதாகக் கருதப்படும் இரண்டு பொன் நகைகள். பிரிட்டனில் கிடைத்த மிகப் பழைய தங்கத்தில் அவையும் சேர்த்தி. உலோகம் தட்டும் கல் ஒன்றும் இருந்தது. அப்புறம் பல்: எனாமலில் உள்ள ஆக்சிஜனை அளந்ததில், அவர் சிறுவயதில் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் என்று தெரிந்தது. இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது பொன் அல்ல, முழங்கால். இடது முழங்கால் சில்லு இல்லை. நொண்டிக்கொண்டேதான் நடந்திருப்பார்.

குவளையில் என்ன குடித்தார்கள்?

எல்லாவற்றிலும் ஒன்றையே அல்ல. ஸ்காட்லாந்தின் ஆஷ்குரோவில் ஒரு கல்லறைக் குவளையில் லைம் மரப்பூவின் (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்றும் சொல்லும் மரம்) மகரந்தம் நிறைய இருந்தது. தேன் மது என்று சொல்லப்பட்டது. வெறும் தேனாகவோ, சடலத்தின் மேல் வைத்த பூவாகவோ இருக்கலாம் என்போரும் உண்டு. என் ஓட்டு மதுவுக்குத்தான்.