முதலைக்கு பிரெட் போடாதீர்கள்: டெக்சாஸ் பூங்கா கேள்வி-பதில்

அக்டோபரில் வெயில் தணிந்ததும் கூடாரம் அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாநிலப் பூங்காக்களைப் பற்றியவை.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு பிரேசோஸ் பெண்ட் பூங்காவில் கூடாரம் அடிக்க இடம் வேண்டும். எப்படி வாங்குவது? (சுகர்லேண்ட்)

இப்போது கேட்டால் எப்படி? முன்பதிவு 5 மாதம் முன்பே திறந்துவிடும். ஜூனிலேயே பார்த்திருக்க வேண்டும். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் திரும்ப வரும், தினமும் ஒரு தடவை பாருங்கள். வார நாளில் போக முடிந்தால் இவ்வளவு பாடு இல்லை.

மாநிலப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் வாங்கிவிட்டோம். இனி நினைத்தபோது போகலாம்தானே?

போகலாம், ஆனால் உள்ளே விடுவார்கள் என்று உறுதியில்லை. பாஸால் நுழைவுக் கட்டணம் மிச்சம், அவ்வளவுதான். இடம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், சனிக்கிழமைகளில் இது சகஜம். பகலில் போய்வருவதற்கும் முன்பதிவு செய்யுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மூட்டு வலி. ஹைக்கிங் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. பிரேசோஸ் பெண்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. 40 ஏக்கர் ஏரியைச் சுற்றினால் 2 கிலோமீட்டர் வரும். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். நம் ஊர் ஏரிகளில் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துமே பாம்புத்தாரா, அதன் அமெரிக்க உறவு அங்கே சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். அப்பா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். கரண்டிவாயனும் உண்டு, இங்கே அது இளஞ்சிவப்பு.

பிரேசோஸ் பெண்டில் எல்ம் ஏரிக்கரையில் ஒரு முதலை அசையாமல் கிடந்தது. குழந்தைகள் பிரெட் துண்டு போட்டார்கள், ஒன்றும் செய்யவில்லை. சாதுவான முதலைதானே சார்? (கேட்டி)

சாது இல்லை அம்மா. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் உடம்புக்குச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதற்காகக் கரையேறிக் கிடக்கும். கொஞ்ச தூரத்துக்குச் சட்டென்று பாயவும் அதற்குத் தெரியும்.

முதலைக்குத் தீனி போடுவது டெக்சாஸில் குற்றம், அபராதம் உண்டு. எனக்கு அபராதத்தைப் பற்றிக் கவலை இல்லை. மனிதனைக் கண்டால் விலகிப்போவதுதான் முதலையின் இயல்பு. தீனி போட்டுப் பழக்கிவிட்டால் அந்தப் பயம் போய்விடும், ஆளைக் கண்டால் கிட்டே வரும். கிட்டே வரும் முதலையைப் பூங்காவில் விட்டுவைக்க முடியாது, பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். பிள்ளைகள் விளையாட்டாகப் போட்ட பிரெட்டுக்கு அதன் உயிர் போகிறது. ஒவ்வொரு பருவத்திலும் இதை எழுதுகிறேன், ஒவ்வொரு பருவத்திலும் இதே கடிதம் வருகிறது. எனக்கு ஆறவே இல்லை.

30 அடி தள்ளி நில்லுங்கள். இரண்டு கார் நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியும். பாதையில் குறுக்கே படுத்திருந்தால் தாண்டாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். சீறினால் இன்னும் பின்னால் போங்கள். இந்த மாதத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன குட்டிகள் கரையோரப் புல்லில் இருக்கும். ஒரு சாண் நீளம், கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டைகள், கீச்சுக் குரல். பார்க்க அழகுதான். அந்தக் குரலுக்குத் தாய் ஓடிவரும்.

கீழே கிடந்த கொக்கு இறகை மகள் எடுத்து வந்தாள். தப்பா?

தப்புதான். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி கீழே கிடந்த இறகையும் வைத்துக்கொள்ளக் கூடாது. படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேடோ ஏரியில் கயாக் (துடுப்புப் படகு) ஓட்டப் போகிறோம். நீச்சல் தெரியாது. ஏதாவது கவனிக்க வேண்டுமா? (பிளேனோ)

நீச்சல் தெரியாதவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி லைஃப் ஜாக்கெட் பற்றி. நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். பெரியவர்களும் போடுங்கள். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே எல்லா வழியும் ஒரே மாதிரி தெரியும், எண் பலகை வைத்த படகுப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

திரும்பியதும் கயாக்கின் அடியைத் தடவிப் பாருங்கள். நகம் அளவு பச்சை இலை, மேலே பொடி முடி. அதுதான் ராட்சத சால்வினியா என்ற நீர்க்களை. நம் ஊரில் ஆகாயத்தாமரை குளத்தை மூடுகிற மாதிரி, சுமார் ஒரு வாரத்திலேயே இரட்டிப்பாகி ஏரியை மூடிவிடும். ஒரு துண்டைக்கூட அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். கழுவி, தண்ணீரை வடித்து வண்டியில் ஏற்றுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த ஏரியில் இறக்க வேண்டும்.

இரவு பாட்டு போடலாமா?

10 மணிக்கு மேல் கூடவே கூடாது. அதற்கு முன்பும் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஆந்தையின் குரல் கேட்கும்.

கூடாரத்துக்கு வெளியே தோசை சுடலாமா?

சுடுங்கள். மிச்சமான மாவை மட்டும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், ரக்கூன் என்ற சின்ன விலங்கு மூடியைத் திறந்துவிடும். பூங்காவில் விறகு பொறுக்கக் கூடாது, வாங்கிக்கொள்ளுங்கள். தீ மூட்டத் தடை அறிவித்திருக்கிறார்களா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

எந்தப் பூங்கா நல்லது?

எந்த ஊரில் இருக்கிறீர்கள், எத்தனை பேர், எந்த மாதம்? இவை மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.