சுவிஸ் பால்மாவில் கதிரியக்கம் இருக்குமா?

கேள்வி: மகனுக்கு ஐந்து மாதம். தாய்ப்பாலோடு, சுவிஸில் இருக்கும் அக்கா அனுப்பும் குழந்தைப் பால்மாவும் கரைத்துக் கொடுக்கிறேன். செர்னோபில் கதிரியக்கம் ஐரோப்பியப் பாலில் இன்னும் இருக்குமாம் என்கிறார் கணவர். அவர் வாங்கிய சின்னக் கதிர்வீச்சு மீற்றரைப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தால் மணிக்கு 0.14 மைக்ரோசீவேர்ட் காட்டுகிறது. கொடுக்கலாமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: கதிரியக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். அதே மீற்றரைக் கிணற்றுக்கட்டில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அதே எண்தான் வரும். மண்ணிலும் வானத்திலும் இருந்து எந்நேரமும் வருகிற இயற்கைக் கதிர்வீச்சு அது.

பால்மாவைச் சோதிப்பதென்றால், தடித்த ஈயச் சுவருக்குள் ஜெர்மானியம் உணரியில் மணிக்கணக்காக வைத்து எண்ண வேண்டும். செர்னோபிலில் இருந்து பரவிய சீசியம்-137 விடும் காமாக் கதிரின் சக்தி 662 கிலோ இலத்திரன்வோல்ட், பொட்டாசியம்-40 விடுவதற்கு 1461. அதை வைத்துத்தான் எது எவ்வளவு என்று பிரிக்கிறார்கள். இந்தப் பொட்டாசியம் இயற்கையானது, உங்கள் தாய்ப்பாலிலும் உண்டு. இறக்குமதிப் பால்மாவை இலங்கை அணுசக்தி சபை சோதிக்கிறது. அக்காவின் பார்சல் அந்த வழியால் வராது, உண்மைதான். ஆனாலும் பரவாயில்லை.

1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது பெலாரஸ், உக்ரைன் பிள்ளைகளின் தைரொயிட்டைக் கெடுத்தது அயடீன்-131. புல்லில் விழுந்து, மாட்டுக்குள் போய், சில நாளிலேயே பாலுக்கு வந்துவிட்டது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 8 நாள்தான், அந்த வருடமே தீர்ந்துபோயிற்று. சீசியத்துக்கு 30 வருடம். அதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு புல்லுக்கு ஏறுவது குறைவு. தெற்கு ஜெர்மனியில் காட்டுப்பன்றி இறைச்சியில் இன்னும் அளக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அதற்குப் பல் முளைக்க வேண்டும்.

எனக்கு யோசனை, மாவைக் கரைக்கிற தண்ணீர். உங்கள் பக்கத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது; தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இது இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோவதைத் தடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிணற்றுத் தண்ணீரை எங்கே சோதிக்கலாம் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் மா கரைக்க வேண்டாம். அதைவிட, பால் போதுமாக இருந்தால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். போதாது என்று தோன்றினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் நிறையைக் காட்டிப் பேசுங்கள். பேணி அப்படியே இருக்கட்டும்.