ஆர்சி1 வந்துவிட்டது, வீட்டு ரவுட்டரில் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மூல இயங்குதளம்) 24.10 ஓடுகிறது. அடுத்த வெளியீட்டின் ஆர்சி1 (இறுதிக்கு முந்தைய முதல் சோதனைப் பதிப்பு) வந்திருக்கிறது. இப்போதே போடலாமா, இறுதிப் பதிப்பு வரட்டுமா? வீட்டில் இருப்பது இந்த ஒன்றுதான். பின்னேரம் இடி மழை என்றால் கரண்டும் போய்விடும். (ஹட்டன் வாசகர்)

இருப்பது ஒன்றுதான் என்றால் போடாதீர்கள். பழைய ரவுட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தால் மட்டும் தாராளமாகப் போடுங்கள்.

வெளியீட்டுக்கு என்று நிரலில் தனிக் கிளை பிரித்த பிறகு அதில் பெரும்பாலும் திருத்தங்கள்தான் சேரும். அதிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடல்களுக்கான இமேஜ்களை (ரவுட்டரில் ஏற்றும் மென்பொருள் கோப்புகளை) கணினிகள் தாமாகவே உருவாக்கித் தள்ளும். உங்கள் மாடலுக்கு இமேஜ் இருக்கிறது என்பதற்காக, அதை யாரோ பெட்டியில் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அப்படிப் பார்க்கத்தான் ஆர்சி விடுகிறார்கள். வைஃபை அறுந்து அறுந்து வருகிறது என்று இப்போது சொன்னால் இறுதிப் பதிப்புக்குள் திருத்த வழியுண்டு. 24.10 அதுவரை சும்மா கிடக்காது, அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். புதியது வந்த பிறகும் சுமார் ஆறு மாதம் அவகாசம் தருவார்கள்.

இறுதிப் பதிப்பு வந்ததும் முதலில் ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் உள்ள வி எண்ணைப் பாருங்கள். சி7 என்பது ஒரே பெட்டி அல்ல. வி2-க்கும் வி5-க்கும் இமேஜ் வேறு. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுவதால் உங்களுக்கு வேண்டியது 'சிஸ்அப்கிரேட்' இமேஜ், கம்பெனி மென்பொருளிலிருந்து முதன்முறை மாறுவோருக்கான 'ஃபேக்டரி' அல்ல. இறக்கியதும் அதன் ஷா256 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இறக்கிய பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோட் அதில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் வெளியீட்டுக் குறிப்பு. அதை யாரும் படிப்பதில்லை, நான் உட்பட! ஆனால் 21.02-இல் பல மாடல்களில் சுவிட்ச் அமைப்பே (கேபிள் துளைகளைக் கையாளும் பகுதி) டிஎஸ்ஏ என்ற புது முறைக்கு மாறியதால், பழைய செட்டிங்கை அப்படியே கொண்டுபோக முடியவில்லை. இந்த முறை மாறுவது பேக்கேஜ் நிர்வாகி, அதாவது கூடுதல் மென்பொருள்களை நிறுவும் கருவி: ஓபிகேஜி போய் ஏபிகே வருகிறது. செட்டிங் தங்கினாலும் நீங்களாகச் சேர்த்த பேக்கேஜ்கள் தங்காது. அவற்றின் பெயர்களை எழுதிவைத்து, லூசியில் (ரவுட்டரின் இணையப் பக்கம்) பேக்கப் கோப்பையும் எடுத்துக் கணினியில் வையுங்கள்.

இனி கரண்ட். ஃபிளாஷில் (ரவுட்டரின் உள் நினைவகம்) எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரவுட்டர் இயங்காமல் வெறும் செங்கல்தான். ஒரு ஐப்பசிப் பின்னேரம், வானம் கறுத்ததைப் பார்த்தும் 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று தொடங்கினேன். இடி விழுந்தது, லைட் போனது, ரவுட்டரும் போனது. மலையகத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் திரளும். அதனால் காலையில் செய்யுங்கள். 2022-இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் வாங்கிய மினி யுபிஎஸ் இன்னும் சார்ஜ் பிடித்தால் அதில் மாட்டுங்கள். கணினியை வைஃபையில் அல்ல, கேபிளில் இணையுங்கள்.

செங்கலானாலும் சி7-ஐ மீட்கலாம். கணினிக்கு 192.168.0.66 என்ற ஐபி கொடுத்து, டிஎஃப்டிபி சர்வரை (கேபிள் வழியே கோப்பு அனுப்பும் எளிய மென்பொருள்) ஓடவிட்டு, ரீசெட்டை அழுத்தியபடி ரவுட்டரை ஆன் செய்தால் அது மீட்புக் கோப்பைத் தேடி வரும். அந்தக் கோப்பையும், அதற்கு வைக்கவேண்டிய பெயரையும், இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டையும் முன்பே எடுத்துவையுங்கள். ரவுட்டர் படுத்த பிறகு தேட வீட்டில் இன்டர்நெட் இருக்காது.