ஐரிஷ் நண்பர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா? அங்கே குடும்பமாக என்னதான் செய்வார்கள்? என்ன வாங்கிப் போவது?

போங்கள். யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

இதே கேள்விக்கு மேலே ஒருவர், "அயர்லாந்தில் கிறிஸ்துமஸ் என்றால் காலையிலிருந்து குடிதான், வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பாசம் ஏது, ரூமிலேயே இருந்துவிடுங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். அந்த நாட்டில் டிசம்பர் 25 அன்று பப்களைத் திறக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் கடை அன்று பூட்டிக் கிடக்கும். குடியே கிடையாது என்று நான் சொல்லவில்லை, வீட்டில் இருக்கும், முந்தின நாளும் மறுநாளும் பப் நிரம்பி வழியும். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஊரையே எடைபோடக் கூடாது.

நீங்கள் படிக்கவோ வேலைக்கோ போய், இதுதான் முதல் குளிர்காலம் என்று நினைக்கிறேன். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், சாயங்காலம் யாரோடும் பேச முடியாது, ஊர் ஞாபகம் நெஞ்சை அடைக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் மதுரைப் பக்கம். கார்க் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா அறுபதைத் தாண்டியவர், கணவர் தவறிவிட்டார், ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு வீட்டையும் அவருடைய அக்கா தங்கைகளின் வீடுகளையும் வைத்துத்தான். டப்ளினில் வேறு மாதிரி என்று யாராவது வந்தால், இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

அங்கே கிறிஸ்துமஸ் அடுப்படியில் நவம்பரிலேயே தொடங்கிவிடும். உலர்ந்த திராட்சை, பழத்தோல், விஸ்கி எல்லாம் போட்டு கேக் செய்து வைத்து, வாரா வாரம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் விஸ்கி ஊற்றுவார்கள். புட்டிங் மாவை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறை கிளறி, மனதில் ஒரு வேண்டுதல் வைக்க வேண்டும். என்னையும் மாடியிலிருந்து கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தார். வாடகைக்கு இருப்பவள்தானே என்று விட்டிருக்கலாம், விடவில்லை.

கார்க்கில் இன்னொரு விசேஷம் ஸ்பைஸ்டு பீஃப். மாட்டிறைச்சியை உப்பிலும் கிராம்பு, மிளகு போன்ற மசாலாவிலும் பல நாள் ஊறப்போட்டு, பிறகு வேகவைப்பது. நகரத்தின் நடுவில் இருக்கும் இங்கிலீஷ் மார்க்கெட்டில் டிசம்பர் மாதம் அதற்குக் கூட்டம் அள்ளும். ஒரு காலத்தில் கார்க் துறைமுகம்தான் கப்பல் கப்பலாக உப்பிட்ட மாட்டிறைச்சியை வெளிநாடுகளுக்கு அனுப்பிய இடம், அந்தக் கைப்பக்குவம் இன்றும் வீடுகளில் இருக்கிறது. நான் மாடு சாப்பிடுவதில்லை. முன்கூட்டியே சொன்னேன், முகம் கோணாமல் வான்கோழியும் உருளைக்கிழங்கும் எடுத்து வைத்தார்கள். நீங்களும் இப்போதே சொல்லிவிடுங்கள். குடிக்காதவர் என்றால் கேக், புட்டிங், ட்ரைஃபிள் என்ற அடுக்கு இனிப்பு, மூன்றையும் மது சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இனி நான் மனசார எழுத நினைத்தது. 24ஆம் தேதி பொழுது சாய்ந்ததும் ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். இடம் கிடைக்காமல் அலைந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்று சொல்வது அது. கத்தோலிக்கர்களை ஒடுக்கும் சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் நடப்பில் இருந்தபோது, மறைந்து திரிந்த பாதிரியாருக்கு இங்கே வந்து பூசை வைக்கலாம் என்று காட்டும் அடையாளமாகவும் அந்த விளக்கு இருந்ததாகச் சொல்வார்கள். 1990இல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், வெளிநாடு போன ஐரிஷ் மக்களை நினைத்துத் தன் மாளிகை ஜன்னலிலும் ஒரு விளக்கு வைத்தார். 1840களின் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிய நாடு அது. பிள்ளைகளை வழியனுப்பாத குடும்பம் குறைவு.

அந்த மெழுகுவர்த்தியை வீட்டில் வயதில் சின்னவர்தான் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் அந்த மகன் ஏற்றுவானாம். அந்த வருடம் அவனால் வர முடியவில்லை. அம்மா தீப்பெட்டியை என்னிடம் நீட்டி, "இப்போ இந்த வீட்டில் சின்னவள் நீதான்" என்றார். நான் இந்து, சாமி கும்பிடுகிறவள். மதம் மாற்றப் பார்க்கிறார்கள், இவளும் மயங்கிவிட்டாள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். யாரும் என்னை எதற்கும் அழைக்கவில்லை. கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்து வளர்ந்தவள் நான், ஏற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் மகனுக்கு வீடியோ அழைப்பு போட்டு ஜன்னலைக் காட்டினார். அங்கே அவனுக்கு விடிந்துவிட்டிருந்தது. யார் ஏற்றியது என்று கேட்டான், என்னைக் காட்டினார். அவன் எனக்கு நன்றி சொன்னான். குடும்பப் பாசம் ஏது என்று எழுதியவர் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை எனக்கு ட்யூட்டி. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இன்னும் ஆறவில்லை. எங்கள் வார்டில் 25ஆம் தேதிக்கு ஆள் போடும்போது வெளிநாட்டு நர்ஸ்களின் பெயர்கள்தான் முதலில் விழும். "உங்களுக்கு இங்கே குடும்பம் இல்லையே" என்பதுதான் காரணம். என்னோடு இருந்த தூத்துக்குடிப் பெண் பிறவிக் கத்தோலிக்கர், நடுச்சாமப் பூசை தவறவிடாதவர், அவருக்கும் அதே ட்யூட்டி. சரி, தீபாவளிக்காவது லீவு தருவார்களா என்றால் அதுவும் கிடையாது, ஆள் பற்றாக்குறை. நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், முறை வைத்து எல்லோரையும் போடட்டும் என்கிறேன். போதாததற்கு அன்று அயர்லாந்து முழுக்க ரயிலும் பஸ்ஸும் ஓடாது. நீங்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அழைத்தவரிடமே கூட்டிப்போக முடியுமா என்று கேட்டுவிடுங்கள், அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என்னை விடியற்காலை இருட்டில் காரில் கொண்டுபோய் விட்டவர் அந்த அம்மாவின் தம்பி. ராத்திரி திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு தட்டு, அலுமினியத் தாள் மூடி அடுப்பில் சூடாக இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்ததால் பகல் முழுவதையும் பார்த்தேன். காலையில் பூசை, பிறகு கல்லறைக்குப் போய் ஹாலி இலை வளையம் வைப்பது, மூன்று மணி வாக்கில் பெரிய சாப்பாடு. கடலோர ஊர்களில் அந்தக் குளிரிலும் சிலர் கடலில் குதித்துக் குளிப்பார்கள், டப்ளினுக்கு அருகே ஃபார்ட்டி ஃபுட் என்ற இடம் அதற்குப் பேர்போனது. சாப்பாட்டு மேசையில் கிராக்கர் என்ற காகிதச் சுருளை இருவர் இரு முனையில் இழுப்பார்கள், உள்ளே காகிதக் கிரீடம் இருக்கும். பாட்டி முதல் பேரன் வரை தலையில் வைத்துக்கொள்வார்கள், நீங்களும் வையுங்கள். பிஸ்கட் டப்பாவில் மேலடுக்கு தீராமல் கீழடுக்கைத் தொடாதீர்கள், அந்த வீட்டில் அது சட்டம்.

26ஆம் தேதி டிங்கிள் ஊருக்குப் போக வாய்த்தால் விடாதீர்கள். வைக்கோலால் உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, மேளமும் புல்லாங்குழலுமாகத் தெருத்தெருவாக வருவார்கள். முற்காலத்தில் ரென் என்னும் சின்னக் குருவியைப் பிடித்துக் கொம்பில் கட்டி எடுத்துப் போனார்களாம், இப்போது பொம்மைக் குருவிதான்.

பண்டிகை முடிவது ஜனவரி 6 அன்று. அதற்கு முன் அலங்காரங்களைக் கழற்றினால் ஆகாது என்பார்கள். ஐரிஷ் மொழியில் அந்த நாளுக்கு நொலிக் நா மான் என்று பெயர், பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க்கிலும் பக்கத்து மாவட்டமான கெரியிலும்தான் அது விடாமல் வந்தது, இப்போது மற்ற ஊர்களிலும் பரவியிருக்கிறது. அத்தனை நாள் சமைத்து ஓய்ந்த பெண்கள் அன்று வெளியே கிளம்பிவிடுவார்கள், வீட்டு வேலை ஆண்களுடையது. நம் பொங்கல் தீபாவளி எதிலாவது அம்மாவுக்கென்று இப்படி ஒரு நாள் உண்டா என்று கேட்டால் நம் பண்பாட்டைக் குறை சொல்கிறேன் என்பார்கள். சொல்லட்டும், என் அம்மா தீபாவளியன்று மதியம் வரை அடுப்படியை விட்டு வந்து நான் பார்த்ததில்லை.

என் முதல் வருடம் அந்த ஜனவரி 6 அன்று வீட்டுக்கார அம்மாவும் அவருடைய அக்கா தங்கைகளும் என்னையும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். டீ, கேக், பேச்சு. மூத்த அக்கா எழுபதுகளில் லண்டனில் நர்ஸாக இருந்தவர். என் ட்யூட்டி கதையைச் சொன்னதும் கப்பைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கும் அதையேதான் சொன்னார்கள். உனக்கு இங்கே குடும்பம் இல்லையே என்று. வருடா வருடம் நான்தான் கிறிஸ்துமஸ் ட்யூட்டி" என்றார். பிறகு தங்கையிடம் திரும்பி, "அடுத்த தடவை கேட்டால் நம் வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்கச் சொல்" என்றார். அடுத்த ஆண்டு லீவு விண்ணப்பத்தில் குடும்ப நிகழ்ச்சி என்று எழுதி அந்த வீட்டு முகவரியைத்தான் கொடுத்தேன். கிடைத்தது.

என்ன வாங்கிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பெட்டி சாக்லேட் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். நம் ஊர் முறுக்கு இருந்தால் அதையும் கொடுங்கள், நான் கொடுத்தது அங்கே காலியாகிவிட்டது. சாப்பிட்டதும் கைகழுவிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு உட்காராமல், எழுந்து தட்டுகளை எடுங்கள். வேண்டாம் என்பார்கள், இரண்டாவது முறை கேளுங்கள். ஜனவரி 6 வரை அந்த ஊரில் இருந்தால், நீங்கள் ஆண் என்றால், அன்றும் போய் பாத்திரம் கழுவக் கூட நில்லுங்கள்.