போன்லயே மேப் இருக்கும்போது அளவை, சம உயரக் கோடு எல்லாம் ஸ்கூல்ல எதுக்கு படிக்கணும்?

"எட்டாவது படிக்குற என் பொண்ணு, போன்ல நீலப் புள்ளி நாம எங்க இருக்கோம்னு காட்டிடுதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம் மனப்பாடம் பண்ணணும்னு கேக்குறா, எனக்கு பதில் தெரியல"ன்னு கேட்டிருக்கீங்க. தெரியலன்னு ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. நீங்களும் என்னை மாதிரி பரீட்சைக்கு படிச்சுட்டு அன்னிக்கு சாயங்காலமே மறந்த ஆளாத்தான் இருப்பீங்க, தப்பா எடுத்துக்காதீங்க.

எனக்கு இந்த கேள்வி கொஞ்சம் வலிக்குற இடம். அளவைன்னா மேப்ல இருக்குற தூரம் தரையில எவ்வளவுன்னு சொல்றது, ஸ்கூல்ல டீச்சர் அதை 'மேப் ஸ்கேல்'னு சொன்னப்போ பாக்ஸ்ல இருக்குற கோடு போடுற ஸ்கேலைத்தான் சொல்றாங்கன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தவன் நான். அப்புறம் சொல்லளவை முறை (வார்த்தையில சொல்றது), பிரதிபின்ன முறை (1:50,000 மாதிரி விகிதமா எழுதுறது), கோட்டளவை முறை (ஒரு பட்டையா வரைஞ்சு காட்டுறது)ன்னு மூணையும் நெட்டுரு போட்டு, 1:50,000 னா மேப்ல 1 செமீ, தரையில 500 மீட்டர்னு எழுதி முழு மார்க் வாங்கினேன். மூணு முறை எதுக்கு, ஒண்ணு போதாதான்னு ஒரு தடவை கூட தோணல. யாரும் சொல்லவும் இல்ல. புவியியல் பீரியட்ல பாதிய கணக்கு சார் கடன் வாங்கிட்டு போயிடுவார், இது அத்தனையும் கணக்குதான்ங்குறது தனி காமெடி. (புவியியல் டீச்சர்ஸ் யாராவது படிச்சா சண்டைக்கு வராதீங்க, உங்க பீரியடை பிடுங்குனவங்களைத்தான் சொல்றேன்.)

மூணு முறை எதுக்குன்னு எனக்கு புரிஞ்சது கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு, ஒரு மலை ஏறும்போது. நாங்க ஆறு பேர். வழி பாக்குற பொறுப்பை நானே வாலன்டியரா வாங்கிட்டேன், புவியியல்ல முழு மார்க் வாங்கின திமிர். மேடு பள்ளம் எல்லாம் காட்டுற ஒரு நல்ல டோபோ மேப் பிடிஎஃப் கெடைச்சுது, ஏ3 சைஸ் (ரெண்டு ஏ4 பேப்பர் சேர்ந்த அளவு), ஓரத்துல 1:50,000 னு போட்டிருந்துச்சு. எங்கிட்ட இருந்தது ஏ4 பிரின்டர், அதுவா பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்கி அடிச்சு குடுத்துச்சு, நானும் அழகா மடிச்சு பையில வெச்சுக்கிட்டேன்.

அடிவாரத்துல போனை எடுத்தா சிக்னல் இல்ல. சிக்னல் இல்லேன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது சாட்டிலைட்லேர்ந்து வர்றது, ஆனா அடியில இருக்குற மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைக்கலேன்னா வெறும் சாம்பல் கட்டத்து மேல நீலப் புள்ளி மட்டும் தேமேன்னு உக்காந்திருக்கும். உங்க பொண்ணு கேட்ட அதே நீலப் புள்ளிதான். நாம இருக்குற இடம் அதுக்கு தெரியும், அந்த இடம் என்னன்னு நமக்கு தெரியாது. "டவுன்லோட் பண்ணாம போனது உன் தப்பு"ன்னு கமென்ட்ல வருவீங்க, ஆமா என் தப்புதான், மேல படிங்க.

பேப்பரை விரிச்சேன். பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு நேரா ஸ்கேல் வெச்சு அளக்காம, பையில தொங்கிட்டு இருந்த நூலை பிச்சு, பாதை மேலயே ஒட்டினாப்ல வெச்சு விரலால அழுத்தி அழுத்தி நகத்தி, அப்புறம் அந்த நூலை ஸ்கேல் மேல நீட்டி பாத்தேன், 6 செமீ. அப்போ 3 கிலோமீட்டர். மணிக்கு 4 கிமீ நடந்தாக்கூட "முக்கா மணி நேரத்துல உச்சியில இருப்போம்"னு அறிவிச்சேன், எல்லாரும் நம்பிட்டாங்க, தண்ணி கூட கம்மியாத்தான் எடுத்துக்கிட்டாங்க.

ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு, உச்சி கண்ணுலயே படல. ஒரு பாறையில உக்காந்து மறுபடியும் பேப்பரை எடுத்தேன். அப்பத்தான் கீழ ஓரத்துல கறுப்பு வெள்ளையா ஒரு பட்டை இருக்குறதை பாத்தேன், கோட்டளவை. 1 கிமீன்னு போட்டிருக்குற துண்டை அளந்தா 1.4 செமீ. 1:50,000 ன்னா அது 2 செமீ இருக்கணும்ல? ஏ3 யை ஏ4 ஆ சுருக்கினா நீளம் எல்லாம் 71 சதவீதம் ஆயிடும். மேப் சுருங்கிடுச்சு, பட்டையும் கூடவே சுருங்கிடுச்சு, அதனால பட்டை அப்பவும் உண்மைய சொல்லிட்டு இருந்துச்சு. '1:50,000'ங்குற எழுத்து மட்டும் பொய்யாயிடுச்சு, என் கையில இருந்தது கிட்டத்தட்ட 1:70,700 மேப். 3 கிமீ இல்ல, நாலேகால் கிமீ. அஞ்சு மார்க்குக்கு எழுதின மூணு முறையில ஒண்ணு ஜெராக்ஸ்ல செத்துடும், ஒண்ணு பொழைச்சுக்கும்னு அந்த பாறையில உக்காந்துதான் கத்துக்கிட்டேன்.

அதோட போச்சான்னா இல்ல. ஒரே உயரத்துல இருக்குற இடங்களை சேர்த்து வரையற சம உயரக் கோட்டை நான் அலங்காரமாத்தான் பாத்திருந்தேன். அந்த மேப்ல கோட்டுக்கு கோடு 20 மீட்டர் உயரம். பாதை எத்தனை கோட்டை வெட்டுதுன்னு எண்ணினா 25, அதாவது 500 மீட்டர் ஏத்தம். நெய்ஸ்மித்னு ஸ்காட்லாந்து மலையேறி ஒருத்தர் 1892 லயே இதுக்கு ஒரு கணக்கு சொல்லிட்டு போயிருக்கார், இன்னிக்கு நாம சொல்ற அளவுல சொன்னா 5 கிமீக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் தனியா இன்னொரு மணி நேரம். அதுப்படி நாலேகால் கிமீக்கு ஐம்பது நிமிஷம், ஏத்தத்துக்கு ஐம்பது நிமிஷம், நிக்காம ஏறினாலே ஒரு மணி நாப்பது நிமிஷம். நாங்க நின்னு நின்னு ரெண்டேகால் மணி நேரம் ஆச்சு. "சாய்வுல நடக்குறப்போ தூரமே கூடும்ல"ன்னு சிலர் சொல்வாங்க, கூடும்தான், ஆனா பித்தாகரஸ் போட்டு பாருங்க, இந்த ஏத்தத்துக்கு 30 மீட்டர்தான் கூடுது. காலை உடைச்சது தூரமில்ல, அந்த 25 கோடுதான். மேப்பை டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தாலும் நீலப் புள்ளி இதை தானா வந்து சொல்லியிருக்காது.

எறங்கினதுலேர்ந்து குரூப்ல என் பேரே 'முக்கா மணி'. ஒண்ணு கேக்குறேன், மத்த அஞ்சு பேர்ல ஒருத்தராவது அந்த பேப்பரை வாங்கி பாத்தீங்களா? வழி சொல்றவன் தப்பு பண்ணா மட்டும் எல்லாருக்கும் வாய் வந்துடும். அதுல ஒருத்தர் அன்னிக்கு என் காம்பஸை "சும்மா பாத்துட்டு தரேன்"னு வாங்கினார், இன்னிக்கு வரைக்கும் வரல, கேட்டா "போன்லயே காம்பஸ் இருக்கே"ங்குறார். இருக்குறதை வெச்சுக்கோங்க, என்னோடதை குடுங்க. இந்த கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு தெரியும், சொல்லணும்னு தோணுச்சு.

அட்சரேகை தீர்க்கரேகைக்கும் இதே கதைதான், அளவை இடத்துக்கு இடம் மாறும். அட்சத்துல ஒரு டிகிரி எங்க போனாலும் சுமார் 111 கிமீ. தீர்க்கத்துல ஒரு டிகிரி பூமத்திய ரேகையில 111, 60 டிகிரி அட்சத்துல அதுல பாதி, துருவத்துல பூஜ்யம். உருண்டைய தட்டையா விரிக்கிற மெர்கேட்டர் மேப்ல அந்த பாதியையும் இழுத்து முழுசா காட்டுறதாலதான் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைஸுக்கு தெரியுது, நெஜத்துல ஆப்பிரிக்கா அதைவிட 14 மடங்கு பெருசு. பொண்ணுகிட்ட போன்லயே ஒரு மெர்கேட்டர் உலக மேப்பை தேடி எடுத்துக் காட்டுங்க, நம்ப மாட்டா, நல்லது.

அளவைக்கு நான் சொல்றது ஒண்ணுதான். அவ ரூமை டேப் வெச்சு அளந்து 1:50 ல வரைய சொல்லுங்க, 4 மீட்டருக்கு 3 மீட்டர் ரூம்னா நோட்டுல 8 செமீக்கு 6 செமீ வரும், கட்டில் கதவு எல்லாம் போடட்டும், கீழ 1:50 ன்னும் எழுதி பக்கத்துல ஒரு பட்டையும் வரையட்டும். அதை பாதியா சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து, 1:50 இன்னும் சரியான்னு கேளுங்க. என்னை மாதிரி ஆமான்னு சொன்னா திட்டாதீங்க, ஸ்கேலை கையில குடுத்து அந்த பட்டைய அளக்க சொல்லிட்டு நீங்க பேசாம இருங்க.