சைகோட்டும் கன்ன எலும்பும் ஒரே நுகத்தடியில்

கேள்வி: என் மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். சைகோட், ஹெட்டிரோசைகஸ், சைகோமாட்டிக், அசைகஸ் எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதால் விடைகளை மாற்றிக் குறித்துவிடுகிறாள். நினைவில் வைக்க வழி உண்டா?
– ஒரு தாய், மண்டபம்

பதில்: மனப்பாடத்தை ஒருநாள் நிறுத்திவிட்டு, மகளை மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? காளைகளின் கழுத்தில் கிடக்கும் நுகத்தடியைக் காட்டுங்கள். கிரேக்கர்கள் அதை 'ஸுகோன்' என்றார்கள். ஆங்கிலத்தில் 'சைகோ' ஆனது. வடமொழியின் யோகமும் யுகமும் அதற்குப் பங்காளிகள்.

இனி இந்த ஒலி எங்கே வந்தாலும் அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நுகத்தில் பூட்டியிருப்பது எவற்றை? சைகோட்டில் விந்தணுவையும் முட்டையையும். ஹெட்டிரோசைகஸ் என்றால் பூட்டிய இரண்டு அல்லீல்களும், அதாவது ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்களும், வேறுவேறு. ஒன்று செவலை, ஒன்று மயிலை. ஹோமோசைகஸில் இரண்டும் செவலை, அல்லது இரண்டும் மயிலை. இந்தச் சொல்லிணையை 1902இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மரபியலாளர் வில்லியம் பேட்சன்.

சைகோமாட்டிக் கன்ன எலும்பு. கன்னத்திலிருந்து காதுக்கு முன்புறம்வரை விரலால் தடவினால் ஒரு வளைவு தட்டுப்படும். முகத்தை மண்டையோட்டின் பக்கவாட்டோடு பிணைக்கும் நுகம் அது. அசைகஸ் சொல்லின் தலையில் உள்ள 'அ' இன்மையைக் குறிக்கிறது. மார்பின் வலப்பக்கம் ஏறும் இந்தச் சிரைக்கு இடப்பக்கத்தில் சரிசமமான ஜோடி கிடையாது. ஒற்றை மாடு!

பாடத்தில் இல்லாவிட்டாலும் அதே நுகத்திலிருந்து பிறந்த இன்னொரு சொல்லைச் சொல்லாமல் விட மனமில்லை: சிசிஜி. சூரியனும் பூமியும் நிலாவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதன் பெயர். பௌர்ணமி மட்டுமல்ல, அமாவாசையும் சிசிஜிதான். ஆடி அமாவாசையன்று ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி எழும் கூட்டம் அந்த நாளில்தான் கடலில் நிற்கிறது. அந்நாள்களையொட்டிக் கடல் ஏறுவதும் வற்றுவதும் கூடுதலாக இருக்கும் என்பதை உங்கள் ஊர் மீனவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. ஆங்கில எழுத்து ஒத்திருக்கிறதே என்று என்சைமையும் இந்த நுகத்தில் பூட்டிவிடப் போகிறாள். அது வேறு குடும்பம்; மாவைப் புளிக்கவைக்கும் காடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு இட்லி மாவை நினைத்துக்கொள்ளட்டும்.