வன்னிக் காடும் மரமும்: கேள்வி பதில்

மரம் வளர்ப்பு, காட்டுச் சட்டம், காட்டுக்குள் செல்லுதல் ஆகியவை பற்றி வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, வனவியல் அறிந்த ஒருவர் அளித்த பதில்கள் இவை.

ஐயா, ஒட்டுசுட்டானில் எனக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி உண்டு. தேக்கு வைத்தால் பதினைந்து ஆண்டுகளில் விற்கலாம் என்று கன்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

கன்று விற்பவர் கன்றை விற்கிறார். மரத்தை விற்கப் போகிறவர் நீங்கள். பதினைந்து ஆண்டுத் தேக்கில் வயிரம் குறைவு, வெள்ளைப் பகுதி அதிகம். வேலிக்கும் சிறு சட்டங்களுக்கும் உதவுமேயன்றி, நிலைக்கும் கதவுக்கும் நல்ல விலை கிடைக்காது. 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

முதலில் காணியைப் பாருங்கள். மாரியில் தண்ணீர் தேங்கி நிற்கும் களிமண் காணியில் தேக்கு தேறாது; நீர் வடியும் செம்மண் மேடு வேண்டும். 2.5 மீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேயருக்கு 1,600 கன்றுகள் வரும். ஐப்பசி மழை பிடித்ததும் நட்டுவிடுங்கள். மார்கழிக்குப் பின் நடுவது வீண்செலவு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இடையில் உழுந்து, பயறு, கச்சான் போடலாம். பயிருக்குக் களை எடுக்கும்போது கன்றுக்கும் களை எடுபடும். அரச தேக்கங்காடுகள் பலவும் இவ்வாறு சேனைப் பயிரோடு சேர்த்தே உண்டாக்கப்பட்டவை.

நம்மவர்கள் தவறும் இடம் ஐதாக்கல். கிளைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கியதும், வளைந்ததையும் நோயுற்றதையும் முதலில் எடுத்து, மொத்தத்தில் ஏறத்தாழப் பாதியைக் குறைத்துவிட வேண்டும். வளர்த்த மரத்தை வெட்ட மனம் வராமல் அப்படியே விட்டுவைத்தால், எல்லாமே கம்பாக உயர்ந்து, ஒன்றுகூட மரமாகப் பருக்காது. பங்குனிக்கு முன் காணியைச் சுற்றிச் சருகு வழித்துத் தீத்தடுப்புப் பாதை எடுங்கள். காணி உறுதியையோ உத்தரவுப்பத்திரத்தையோ பத்திரமாக வைத்திருங்கள். வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்லும் அனுமதிக்கு அது இல்லாமல் முடியாது.

காட்டில் முதிர்ந்த முதிரையும் பாலையும் வீணே நின்று பட்டுப்போகின்றன. அளவாக வெட்ட விட்டால் அரசுக்கும் வருமானம், எங்களுக்கும் தொழில் அல்லவா?

கேள்வி நியாயமானதே, ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு 1990இல் நிறுத்தியதற்கு முக்கிய காரணம், வெட்டிய வேகத்துக்கு வளர்ச்சி ஈடுகொடுக்காமையாகும். பாலை, வீரை, கருங்காலி போன்றவை மிக மெதுவாகப் பருப்பவை. ஒரு பாலையை அறுத்து எடுத்த இடத்தில் அதே பருமனில் இன்னொன்றைப் பார்க்க உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் வாய்ப்பது அரிது. பட்ட மரம் வீணானது என்பதையும் நான் ஏற்கமாட்டேன்: அதன் பொந்தில் கிளியும் மரங்கொத்தியும் குடியிருக்கின்றன, அதன் கறையானைக் கரடி தின்கிறது. தளபாட மரத்தை நட்ட காட்டிலும் வீட்டு வளவிலும் எடுப்போம். வளவு வேம்பே நல்ல மரந்தான்.

இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்கள் காணி பற்றைக்காடாகிவிட்டது. இப்போது அது ஒதுக்குக்காடு (அரசு காப்புக்காக ஒதுக்கிய காடு) என்று எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

வன்னியில் இது பலருடைய துயரம். 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி வர்த்தமானியில் வெளியான ஒதுக்குக்காட்டில் வெட்டுவதும் துப்புரவு செய்வதும் குற்றம். ஆகவே கத்தியோடு போகாதீர்கள், கடதாசியோடு போங்கள். உத்தரவுப்பத்திரம், பழைய பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்புப் பதிவு, நில அளவைப் படம் என எது இருந்தாலும் பிரதி எடுத்துப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, வன அதிகாரியும் நில அளவையாளரும் சேர்ந்து வந்து பார்க்கும்படி கேளுங்கள். நிலமும் சாட்சி சொல்லும்: விடத்தல், சூரை போன்ற முட்பற்றைகளுக்கு நடுவே மாமரமும் கிணற்றுக் கட்டும் வயல் வரம்பும் இருந்தால் அது குடியிருந்த இடம். இந்தக் கோரிக்கையின் நிழலில் பழங்காட்டையும் சேர்த்து வெட்டித் தள்ளுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். உண்மையாகக் காணி இழந்தவனின் வழக்கைக் கெடுப்பவர்கள் அவர்களே.

காடு அழிந்தால் மழை குறையும் என்று பாடசாலையில் படித்தோம். வன்னிக்கும் அது பொருந்துமா?

நமக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்றும் வங்காள விரிகுடாத் தாழமுக்கமும்; முல்லைத்தீவில் காட்டை வெட்டியதால் ஐப்பசி மழை நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். கெடுவது விழுந்த மழை. கனகராயன் ஆற்றின் நீரேந்து பரப்பில் காடு நிற்கும்வரை மழைநீர் சருகில் ஊறி மெல்ல இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. காடு போனால் அதே நீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரேயடியாக வந்து, குளத்தின் வயிற்றில் வண்டலை நிரப்பி, மிச்சம் வான்பாய்ந்து கடலுக்குப் போய்விடும். பாலியாற்றை நம்பிய வவுனிக்குளத்துக்கும் இதே கதைதான். காட்டை மரக்கணக்கில் மட்டும் மதிப்பிடுகிறவர்கள் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத ஆண்டில் அந்தக் கணக்கைத் திருத்தட்டும்.

மடுத் திருவிழாவுக்கு வரும்போது இளைஞர்களாகக் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கலாமா?

ஆலய வளவில் ஒதுக்கிய இடத்தில் தங்குங்கள். மடு வீதிக் காடு 2015 முதல் தேசிய பூங்கா. அனுமதியின்றி உள்ளே போகக்கூடாது. ஆவணித் திருவிழா கோடையில் வருவதால், அணைக்காத ஓர் அடுப்பு போதும், சருகு பற்றிக்கொள்ள. வன்னியின் வேறு காடுகளிலும் பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள்; கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில் வேடிக்கைக்கும் கால் வைக்க வேண்டாம்.

வளவில் நிற்கும் பனையைத் தறிக்கவும் அனுமதி வேண்டுமா?

பெண் பனைக்கு வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைக் காக்கிறது. கிராம அலுவலரிடம் கேட்டுப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். கூரை வளையோ மரமோ தேவைப்பட்டால் முதிர்ந்த ஆண் பனையைப் பாருங்கள்.